பழனிமலைக்கு ஏற்ற சிறுகார்: ஓர் ஆராய்ச்சி

வண்டியின் தகுதியை வழியே உரைக்கும். சமநிலத்திலே பலராலும் புகழப்பெறும் கார் ஒன்று மலைப்பாதையில் மூச்சுமுட்டி நிற்றலும், சமநிலத்தில் எவரும் திரும்பிப் பாராத கார் ஒன்று கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடுபோல் ஏறிச் செல்லுதலும் நாம் கண்கூடாகக் காண்பனவே. ஆதலின், சிறுகார்களுள் எது சிறந்தது என்னும் வினாவைத் தனியே எழுப்பி விடைகாண முயல்வது வீண் முயற்சியாம். எவ்வழிக்கு, எவர்க்கு, என்ன பயன் கருதி என்பவற்றையும் அவ்வினாவோடு கூட்டியே கேட்டல் வேண்டும். யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட வழி, வத்தலக்குண்டிலிருந்தும் பழனியிலிருந்தும் கொடைக்கானலுக்கு ஏறும் மலைவழி. எடுத்துக்கொண்ட கார்கள், ஐரோப்பிய நிறுவனங்களால் வகுக்கப்பெற்று, நம் நாட்டிலே கட்டப்பெற்று, இப்பொழுது புதியனவாய்க் கிடைத்தல் ஒழிந்து, விரும்புவோர் சிலரால் மட்டும் போற்றப்பட்டு வருகின்ற சிறுகார்கள். எடுத்துக்கொண்ட ஆள், காரின்மீது பற்று மிக்கவன். ஆயினும் ஒரே ஒரு கார்தான் வாங்கக்கூடியவன். அதிலே தன் தாய் தந்தையரையும் ஏற்றிச் செல்ல வேண்டியவன்.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்குக் காரிலே என்ன வேலை என்று வினவுவார் நம் கல்லூரியிற் சிலர் உளர். சங்கச் செய்யுட்களை ஊன்றிப் படித்தோர் அவ்வாறு வினவார். தேரையும் சகடத்தையும் நீக்கிவிட்டால் அப்பாட்டுக்களுட் பல நடவாமல் நின்றுவிடும். பொதினி எனப் பண்டு பெயர்பெற்ற இம்மலைப் பகுதிக்குத் தலைவனாய் விளங்கிய வையாவிக் கோப்பெரும் பேகனிடத்தே பரணர் பரிசிலாக வேண்டியது பொன்னன்று, யானையன்று. தேரேறிச் சென்று நின் மனைவியின் துயர் களைக என்பதே. ஆகவே, இம்மலையில் ஊர்தியைப் பற்றிப் பேசுதல் புலவர்க்குப் புதிதன்று.

இனி, இவ்வகைக் காரின் பிறப்பைச் சிறிது கூறுவாம். பின்புறத்தே மேல்நோக்கித் திறக்கும் அகன்ற கதவொன்றும், மடக்கிக் கிடத்தற்குரிய பின்னிருக்கையும் உடைய சிறுகாரையே ஹாட்ச்பேக் என்பர். ஆள் இருக்கும் அறை வேறு, பெட்டி வைக்கும் அறை வேறு என்னும் பிரிவு இதற்கு இல்லை. 1959-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த மினி, எஞ்சினைக் குறுக்கே கிடத்தி, முன்சக்கரங்களையே உந்தச் செய்து, பத்தடி நீளத்துள் நால்வர்க்கு இடம் கண்டது. ஆனால் அதற்குப் பின்கதவு இல்லை. 1961-இல் பிரான்சு நாட்டு ரெனோ 4 பின்கதவோடு வந்தது. 1964-இல் இத்தாலியிலே தாந்தே ஜியாகோசா என்னும் பொறியறிஞர், அவுட்டோபியாங்கி பிரிமுலா என்ற காரில், குறுக்கே கிடந்த எஞ்சினின் ஒரு முனையிலே கியர்ப்பெட்டியைப் பொருத்திக் காட்டினார். இன்று எஞ்சினால் ஓடும் சிறுகார்களுட் பெரும்பாலானவை அவ்வமைப்பினவே. பின்னர் 1971-இல் பியட் 127, 1972-இல் ரெனோ 5, 1974-இல் போக்ஸ்வாகன் கோல்ப், 1975-இல் போலோ, 1983-இல் பியட் ஊனோவும் பெஜோ 205-உம் என வரிசையாகத் தோன்றின.

நம் நாட்டிலோ இவ்வகை மெல்லவே வேரூன்றிற்று. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் கட்டிய ஹெரால்டு, 25 அடி வட்டத்துள் திரும்பும் இயல்பினது. மலைவளைவுக்கென்றே செய்தது போன்றது. பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் நிறுவனத்தார் பியட் 1100 என்னும் காரைக் கட்டிப் பின்னர் அதற்குப் பத்மினி எனப் பெயரிட்டனர். இவ்விரண்டின்மேலும் எமக்கு அன்பு மிகுதி. எனினும் இவை பின்கதவு இல்லாதனவாதலின் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பு. 1982-ஆம் ஆண்டை ஒட்டிப் பெங்களூரில், இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனை மூலமாகக் கொண்டு கண்ணாடியிழை உடலோடு சிபானி டால்பின் வந்தது. இன்று அதனைக் காண்பதே அரிது. 1996-இல் ஊனோவும், 2001-இல் பியட் பாலியோவும், 2009-இல் பியட் புன்டோவும், 2010-இல் போக்ஸ்வாகன் போலோவும் வந்தன. பியட் பெயரிலே கார் விற்றல் 2019-ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் நின்றது. போலோ 2022-இல் நின்றது. இக்கடைசி மூன்றே இன்று பற்றுடையார் தேடி வாங்கும் ஐரோப்பியச் சிறுகார்கள்.

வழியைப் பற்றியும் சில சொல்லல் வேண்டும். 1845-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து சென்ற அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டிய காலத்தே, மேலே செல்வோர் பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலோ, ஆட்கள் சுமந்த நாற்காலியிலோ தான் ஏறினர். 1875-இல் அம்மையநாயக்கனூருக்கு இருப்புப்பாதை வந்தது. அவ்வூர் நிலையத்துக்கே இன்றளவும் கொடைக்கானல் ரோடு என்று பெயர்; அங்கே இறங்கிக் கொடைக்கானலைத் தேடுவோர் இன்னும் 80 கிலோமீட்டர் செல்லல் வேண்டும்! மேஜர் லா என்பார் பெயரால் வழங்கும் மலைப்பாதை 1910-களிலேதான் மோட்டார் வண்டிக்குத் திறந்தது. வத்தலக்குண்டைக் கடந்து, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளியருவி என ஏறும் பாதை அதுவே. பழனியிலிருந்து வரும் பாதை பெருமாள்மலையில் இதனோடு கூடும்.

இப்பாதையில் ஏறுதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும்? பெரும்பாலோர் காரின் குதிரைத்திறனைக் கேட்டு மயங்குவது இவ்விடத்தேதான். இயற்பியல் பயிலும் விடுதி நண்பரோடு அமர்ந்து யாம் செய்த கணக்கைத் தருகின்றோம். வத்தலக்குண்டு கடல்மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 300 மீட்டர்; கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர். ஏற்றம் 1,800 மீட்டர். காரும் அதில் அமர்ந்த நால்வரும் சேர்ந்து 1,300 கிலோ எனக் கொண்டால், அவ்வெடையை அவ்வுயரத்துக்குத் தூக்குதற்கு வேண்டும் ஆற்றல் 2 கோடியே 30 இலட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருப்பது ஏறக்குறைய 3 கோடியே 20 இலட்சம் ஜூல். எஞ்சின் அதில் நாலில் ஒரு பங்கையே உழைப்பாக மாற்றும் எனின், தூக்குதற்கென்று மட்டும் ஏறக்குறைய 3 லிட்டர் செலவாகும். இனி, 15 அடிக்கு ஓரடி உயரும் செங்குத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுதற்கு வேண்டும் திறன், சக்கர உராய்வையும் சேர்த்து, ஏறக்குறைய 12 குதிரைத்திறனே. ஆகவே, 40 குதிரைத்திறனை ஒட்டிய பழைய பத்மினியும் இம்மலையில் ஏறியது வியப்பன்று. 100 குதிரைத்திறன் உடைய கார் வளைவுக்கும் வளைவுக்கும் இடையே பேருந்தை முந்திச் செல்ல உதவும், அவ்வளவே. ஏற்றத்தைக் கொண்டு கார்களைத் தரம்பிரித்தல் ஆகாது.

ஏற்றத்திலே ஒரு வேறுபாடு மட்டும் குறிப்பிடத்தக்கது. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குக்கும் சற்றுக் குறைவு. மெல்லிய காற்றை உண்ணும் எஞ்சின் மெல்லிய திறனையே தரும். 100 குதிரைத்திறன் உடைய எஞ்சின் கொடைக்கானல் ஏரிக்கரையில் 80-ஐ ஒட்டியே நிற்கும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் மிகுந்து கரும்புகை எழுவதும் இதனாலேயே. டர்போ என்னும் காற்றழுத்தி பூண்ட எஞ்சினோ, மெல்லிய காற்றைத் தானே அழுத்தி உட்செலுத்திக் கொள்ளுதலால் இக்குறையைப் பெரும்பாலும் உணர்வதில்லை. இது டர்போவுக்கு ஒரு பெருமை, மறுக்கவில்லை.

ஆனால் ஏறிய கார் இறங்க வேண்டுமன்றோ? மலைப்பாதையில் நெடுங்காலம் சரக்குவண்டி ஓட்டிய முதியவர் ஒருவர், "ஏத்துறது பெருசில்ல தம்பி, எறக்குறதுதான் பெருசு" என்று எம்மிடம் கூறினார். அவர் ஒருவரியிற் சொன்னதையே யாம் எண்களாற் சொல்லப் புகுகின்றோம். மேலே தூக்குதற்குச் செலவிட்ட 2 கோடியே 30 இலட்சம் ஜூல், இறங்கும்போது எங்கேனும் போய்த் தீரவேண்டும். காற்றின் தடையும் சக்கர உராய்வும் ஒரு பகுதியை வாங்கிக் கொள்ளும். எஞ்சியது பிரேக்கிலே வெப்பமாகும், அல்லது எஞ்சினாலே தடுக்கப்படும். அவ்வாற்றல் முழுதும் வெப்பமானால், 30 பாகையில் உள்ள 78 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். ஒரு கலியாண வீட்டு அண்டா நிறைந்த நீர்! அதனை உள்ளங்கையளவுள்ள சில பிரேக் கட்டைகளின் தலையிலே சுமத்துவோர், அவை புகைந்து பிடிவிடும்போது வியத்தல் தகுமோ?

பிரேக் எண்ணெயின் இயல்பையும் அறிதல் வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் இயல்பினது. டாட் 4 என்னும் தரத்து எண்ணெய் புதியதாயிருக்கும்போது 230 பாகைக்குக் குறைந்து கொதித்தலாகாது என்பது விதி. ஈரம் குடித்துப் பழையதானபின் அவ்வெல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். எண்ணெய் குழாயினுள்ளே கொதித்து ஆவியாயின், மிதியைக் காலால் அழுத்துவோன் ஆவியைத்தான் அழுத்துவான், சக்கரம் நில்லாது. மழையும் மூடுபனியும் மாறாத மலையில் ஈராண்டுக்கு ஒருமுறை அவ்வெண்ணெயை மாற்றாமல் விடுவது, ஐந்நூறு ரூபாயை மிச்சம்பிடித்து ஐவர் உயிரைப் பணயம் வைத்தலாம்.

எஞ்சினாலே தடுத்தல் என்றோம். தாழ்ந்த கியரில் வண்டியை விட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் சக்கரங்களைப் பின்னின்று இழுத்துப் பிடிக்கும். பெட்ரோல் எஞ்சினில் காற்றுவாயில் மூடிக்கொள்ளுதலால் உள்ளே வெற்றிடம் உண்டாகி இப்பிடி வலுக்கும். எஞ்சினின் கொள்ளளவு பெரிதாயின் பிடியும் பெரிது. இங்கேதான் சிறிய டர்போ எஞ்சினின் பெருமை தலைகீழாகின்றது: ஏறும்போது 1,197 சி.சி. எஞ்சின் 1,600 சி.சி. எஞ்சினுக்கு நிகராய் நிற்கும். இறங்கும்போது அது 1,197 சி.சி. எஞ்சினே.

இறக்கத்திலே எஞ்சினை அணைத்துவிட்டு அல்லது நியூட்டிரலிலே தள்ளிவிட்டு மிதக்கவிடும் கெட்டபழக்கம் நம்மவரிடையே உண்டு. எண்ணெய் மிச்சம் என்பது அவர் எண்ணம். பெட்ரோலை ஊசிவழி செலுத்தும் எஞ்சினில், கியரில் இருந்தபடியே காலை எடுத்து இறங்கும்போது பெட்ரோல் அறவே நிறுத்தப்படுகின்றது. நியூட்டிரலில் விட்டாலோ எஞ்சின் நின்றுபோகாதிருக்கப் பெட்ரோல் உண்கின்றது. அணைத்துவிட்டாலோ பிரேக்குக்கு வலுவூட்டும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துபோம். ஸ்டீயரிங்கும் கல்லாய்க் கனக்கும். மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை.

இவ்வளவும் கூறியது எதற்கெனின், பூம்பாறையிலிருந்து வந்து நம் விடுதியில் தங்கிப் பயிலும் நண்பர் ஒருவர், தம் குடும்பத்துக்குக் கார் தேடித் தருமாறு எம்மோடு சேர்ந்து அலைந்தமையாலேயாம். அவர்தம் தந்தையார் மலைப்பூண்டு பயிரிடுவோர். அறுவடைக் காலத்தில் சில மூட்டைகளைத் தாமே வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தாயாரை மாதம் ஒருமுறை மதுரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பின்கதவும் மடங்கும் இருக்கையும் இவர்க்கு அழகுக்கல்ல, பிழைப்புக்கு. மகனுக்கோ, ஸ்டீயரிங்கில் சாலையின் ஒவ்வொரு கல்லையும் உணரத்தக்க ஐரோப்பிய வண்டியின்மீதே கண். தந்தையார்க்கு இறக்கத்தின்மீது கண். இருவரும் கருதியது வெவ்வேறு போலத் தோன்றினும் ஒன்றே என்பது போகப் போகத் தெரியும்.

திண்டுக்கல்லில் விலைக்கு நின்றது 2002-ஆம் ஆண்டுப் பாலியோ, 1.6 வகை. பாலியோ என்பது முதலில் பிரேசில் நாட்டில் 1996-இல் வெளிவந்த கார். இத்தாலியச் சியெனா நகரத்துக் குதிரைப் பந்தயத்தின் பெயர் பூண்டது. நம் நாட்டு 1.6 வகையில் 1,596 சி.சி. கொள்ளளவும், 16 வால்வும், ஏறக்குறைய 100 குதிரைத்திறனும் உள்ள எஞ்சின். கதவைச் சாத்தினால் எழும் ஒலியே வேறு. இரும்பை எண்ணிப் பாராமல் இட்டுச் செய்த வண்டி. டர்போ இல்லை, ஆதலின் கால் அழுத்திய அளவுக்கு அளவாக எஞ்சின் விடைசொல்லும். வளைவின் நடுவே திடீரெனப் பாய்தல் இல்லை. இரண்டாம் கியரில் இறங்கும்போது அப்பெரிய எஞ்சின் வண்டியைக் கடிவாளம் போலப் பிடித்து நிறுத்தும். பெட்ரோல் குடிப்பதில் மட்டும் கஞ்சத்தனம் அறியாது. யாம் ஓட்டிப் பார்த்தவற்றுள் மனத்தைக் கவர்ந்தது இதுவே என்பதை மறைக்க மாட்டோம்.

மதுரையில் நின்றது 2014-ஆம் ஆண்டுப் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 2013-இல் வெளிவந்த இவ்வகை, 1,197 சி.சி. டர்போ எஞ்சினும் 105 குதிரைத்திறனும் உடையது. கிளட்ச் மிதி இல்லை. இரட்டைக் கிளட்ச் பூண்ட ஏழு கியர்ப்பெட்டி தானே மாற்றிக் கொள்ளும். வழுக்கலைத் தடுக்கும் கருவியும், ஏற்றத்தில் பின்னே உருளாமல் பிடித்து நிறுத்தும் கருவியும் உண்டு. அமைதியான சாலையில் இதற்கு இணை இல்லை. ஆனால் கோடை விடுமுறையில் கொடைக்கானல் பாதை அமைதியான சாலையன்று. 2024-ஆம் ஆண்டு மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று உயர்நீதிமன்றம் கட்டளையிடும் அளவுக்கு நெரிசல் மிகுந்த பாதை. இக்கியர்ப்பெட்டியின் கிளட்சுகள் எண்ணெயில் மூழ்காத உலர்ந்த வகையின. ஏற்றத்திலே நத்தைபோல் ஊர்ந்து நின்று ஊர்ந்து செல்லுங்கால் அவை வழுக்கி வழுக்கிச் சூடேறும். பழுதுபார்க்கவோ பெருநகரத்து மின்னணுக் கருவியும் பெருந்தொகையும் வேண்டும். 2020 முதல் வந்த 1.0 டர்போ வகையில் கையால் மாற்றும் ஆறு கியர் உண்டு, இக்குறை அதற்கில்லை, விலைதான் பூண்டு விவசாயிக்கு எட்டாது.

புன்டோவைப் பற்றி ஒருசொல். அதன் 1.3 டீசல் எஞ்சின் பியட்டார் வகுத்ததாயினும் மாருதி ஸ்விப்ட் முதலிய பல கார்களிலும் இடம்பெற்று நாடெங்கும் ஓடியது. ஆதலின் வத்தலக்குண்டு மெக்கானிக்கும் அதனைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். ஆனால் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே அவ்வெஞ்சின் உறங்கும். கொண்டை ஊசி வளைவின் உச்சியில் அவ்வுறக்கம் வருதல் பெருந்தொல்லை. டீசலில் காற்றுவாயில் பெட்ரோல் எஞ்சினைப் போல் அடைபடாமையின் இறக்கத்துப் பிடியும் அத்துணை வலியதன்று. எனவே விட்டோம்.

புன்டோவை விட்டாலும் அது கற்பித்த பாடத்தை விடுதற்கில்லை. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடவந்த ஔவையார், அவனுக்கு உவமையாக எடுத்தது சிங்கத்தையன்று, சேமவச்சை. உப்பு வணிகர், பள்ளத்தில் இறங்கினும் மேட்டில் ஏறினும் வண்டிக்கு என்ன நேருமோ என எண்ணி, மாற்று அச்சொன்றை அடிமரத்தே கட்டிச் செல்வர் என்பது அப்புறப்பாட்டின் செய்தி. பழைய கார் வாங்குவோன் முதலிற் கேட்க வேண்டிய வினா, இதற்குச் சேமவச்சு எங்கே உளது என்பதே. பாலியோவுக்குக் கடையில் இல்லை. முன்விளக்கு உடைந்தால் கோயம்புத்தூர் உக்கடத்துக் காயலான் கடையிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ தேடல் வேண்டும். கிடைக்கும் நாளில் கிடைக்கும். மாதம் ஒருமுறை மருத்துவரைக் காணவேண்டிய தாயார் அந்நாள்வரை காத்திருத்தல் இயலுமோ?

இவ்விடத்தே யாம் முதலில் எண்ணாத கார் ஒன்று முன்வந்தது. போலோ வெளிவந்த 2010-ஆம் ஆண்டிலேயே, 1,598 சி.சி. கொள்ளளவும் 105 குதிரைத்திறனும் உடைய 1.6 வகையொன்றையும் போக்ஸ்வாகனார் விற்றனர். டர்போ இல்லை, கையால் மாற்றும் ஐந்து கியர். சிறுகாருக்கு இத்துணைப் பெரிய எஞ்சினா, பெட்ரோல் செலவு மிகுமே என்று அஞ்சி மக்கள் மிகுதியாக வாங்கவில்லை. சில ஆண்டுகளில் அவ்வகை நின்றுவிட்டது. ஆனால் அதே 1.6 எஞ்சின் வென்டோ, ஸ்கோடா ராபிட் என்னும் பெரிய கார்களில் 2020 வரை தொடர்ந்து வந்தது. எனவே, அரிதான இக்காரின் சேமவச்சு, ஊர்தோறும் ஓடும் வென்டோக்களிலும் ராபிட்டுகளிலும் கட்டப்பட்டுள்ளது! இறக்கத்திலே பெரிய எஞ்சினின் பிடி, வளைவிலே ஐரோப்பிய வண்டியின் உணர்வு, பழுதானால் பாகம் கிடைத்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தது இதுவே. மகன் தேடியதும் தந்தை தேடியதும் ஒன்று என்றோமே, அஃது இதுதான்: சாலையை உணர்த்தும் வண்டியே சாலையில் நிற்கும் வண்டி.

போலோவைப் பற்றி மற்றொன்றையும் மறவாது கூறல் வேண்டும். 2014-ஆம் ஆண்டில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பினர் நம் நாட்டுக் கார்களை மோதவிட்டுச் சோதித்தபோது, காற்றுப்பை இல்லாத போலோ ஒரு விண்மீனும் பெறவில்லை. இரண்டு காற்றுப்பை உடைய அதே போலோ நான்கு பெற்றது. நிறுவனத்தார் அதன்பின் பையில்லா வகையை நிறுத்திவிட்டனர். உடற்கூடு ஒன்றே, பையொன்றே வேறுபாடு. எனவே 2010 முதல் 2013 வரையுள்ள போலோவை வாங்குவோர், விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாது, காற்றுப்பையும் ஏ.பி.எஸ். பிரேக்கும் உள்ளனவா என்று தாமே பார்த்தல் வேண்டும். பாலியோவுக்கும் இது பொருந்தும்.

சட்டமும் ஒரு பொருட்டே. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்கு. பின்னர்த் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்தல் வேண்டும். 2002-ஆம் ஆண்டுப் பாலியோ 2017-இலும் 2022-இலும் புதுப்பிக்கப்பட்டிருத்தல் வேண்டும். அடுத்த தவணை 2027. இருபது ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பித்தற் கட்டணம் 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. அன்றியும், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே இன்று எங்கும் ஓடுதலின், பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களை மாற்றியே தீரல் வேண்டும். பிறந்த நாடாகிய பிரேசிலில் பாலியோ தொடக்கம் முதலே எத்தனால் கலந்த பெட்ரோலைக் குடித்து வளர்ந்தது என்பது நகைப்புக்குரிய செய்தி; ஆனால் குர்லாவிற் பூட்டிய ரப்பரும் அவ்வாறே தாங்கும் என்று கொள்ளுதல் கூடாது.

ஆகவே எம் முடிவு இது. குடும்பம் ஏறும் ஒரே கார் எனின், கைக்கியர் உடைய போலோ 1.6, கிடைக்கும்வரை பொறுத்திருந்தாயினும் அதனையே வாங்குக. ஜி.டி. டி.எஸ்.ஐ. மலையடிவாரத்து நகரவாசிக்கு நன்று, பூம்பாறைக்கு அன்று. பாலியோ 1.6-ஐ விரும்புவோர், வீட்டிலே வேறொரு வண்டி இருந்தால் மட்டும் வாங்குக. வாங்கும்போதே, ஓடாது கிடக்கும் 1.2 வகைப் பாலியோ ஒன்றையும் இரும்பு விலைக்கு வாங்கிக் கொட்டகையிலே நிறுத்துக. கதவு, கண்ணாடி, விளக்கு எனப் பெரும்பாலான உடற்பாகங்கள் இரண்டுக்கும் பொது. அக்கொட்டகைப் பாலியோவே ஓடும் பாலியோவின் சேமவச்சு. நண்பர் இவ்விரண்டாம் முடிவைக் கேட்டவுடன் முகமலர்ந்து, பூண்டு உலர்த்தும் கொட்டகையில் இடம் உண்டு என்றார். தந்தையார் முகம் அவ்வாறு மலரவில்லை.

எந்தக் காரை வாங்கினும் சோதிக்கும் முறை ஒன்றே. விற்பவரோடு வத்தலக்குண்டிலிருந்து ஊத்து வரை ஏறுக. ஏறும்போது ஒன்றும் பேசாதிருக்க. வெப்பமானியின் முள்ளை மட்டும் நோக்குக. ஊத்திலே திருப்பி, இரண்டாம் கியரிலே டம்டம் பாறை வழியாக இறங்குக. பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்க. தொடர்ந்து மிதிக்க வேண்டாம். கியர் தானே நழுவி வெளியே வருமாயின் அவ்வண்டி வேண்டா. அடிவாரத்தில் சமநிலம் கண்டு நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகே கையைக் காட்டுக, தொடற்க, சுடும். மூன்று ஒத்த வெப்பமாயிருக்க ஒன்று மட்டும் மிகுதியாய்ச் சுடுமேல், அச்சக்கரத்துப் பிரேக் இறுகிப் பிடித்துக் கொண்டிருக்கின்றது. கருகிய நாற்றம் எழுமேல் கட்டைகள் தீர்ந்தன. பின்னர் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே, பிரேக் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க. மிதி மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குமாயின் உள்ளே கசிவு உண்டு. கடைசியாகப் பின்கதவைத் திறந்து, இருக்கையை மடக்கி, ஒரு பூண்டு மூட்டை தடையின்றிக் கிடக்கின்றதா என்று பார்க்க. இவையெல்லாம் முடிந்த பின்னரே விலை பேசத் தொடங்குக.